மரியாதைப் பன்மை

மணி இரண்டு ஏழு. இன்னும் ஐம்பத்து மூன்று நிமிஷம் இருக்கிறது, தலை போகிற அவசரம் ஒன்றுமில்லை என்று செண்பகவல்லி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினொரு நாளாக இதே நேரத்துக்கு இதையேதான் சொல்லிக்கொள்கிறாள். பதினொரு நாளும் மூன்று மணி அதுபாட்டுக்கு வந்து அதுபாட்டுக்குப் போனது. 'பூரணி' வார இதழின் ஆபீஸில் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. யாரோ கொண்டுவந்த நெத்திலிக் குழம்பின் வாடை ஏசி காற்றோடு சேர்ந்து போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. மேஜையில் கடிதம் கிடந்தது. பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படும், அத்தனை அழுத்தி எழுதியிருந்தாள் அந்தப் பெண். மனப்பாடம்தான், ஆனாலும் கண் போனது. "அக்கா, இத புக்குல போட வேண்டாம். பதிலும் எழுத வேண்டாம். புக்கு எங்க வீட்டுக்கு வராது, டெய்லர் அக்கா கடையில நின்னு படிப்பேன். அவுக என்னைய மிதிக்காக. பிள்ள பாக்க மிதிக்காக. போன செவ்வாக்கிழம வயித்துல மிதிச்சிட்டாக. எனக்கு மூணு மாசம். ஊருக்குப் போனா திரும்பக் கொண்டாந்து விட்டுருவாங்க. நீங்க ஒரே ஒரு வாட்டி போன்ல பேசி 'கெளம்பு'ன்னு சொல்லிட்டீங்கன்னா எனக்கு தைரியம் வந்துரும். எங்களுக்கு ஒரு போன்தான், அது அவுக போன். ரெண்டு மணிக்கு சாப்பிட்டுட்டுத் தூங்குவாக. அப்ப நான் எடுத்து மடியில வச்சிக்கிடுவேன். மூணு மணிக்கு ஸ்கூல் சவாரிக்கு ஆட்டோ எடுக்க எந்திச்சிருவாக. அதுக்குள்ள பண்ணுங்கக்கா, மூணுக்கு மேல வேண்டாம். தெனமும் பாத்துட்டு இருப்பேன்." கீழே செல் நம்பர், ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் இடம் விட்டு. அதற்கும் கீழே, முப்பிடாதி, திருப்பூர், சொந்த ஊர் கழுகுமலை பக்கம்.

அக்கா என்பது செண்பகவல்லிதான், ஆனால் ஊருக்கு அது தெரியாது. 'அக்காவிடம் சொல்லுங்கள்' பகுதியில் இருபத்திரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று கடிதத்துக்குப் பதில் எழுதுகிறாள். பக்கத்தின் மேலே இருக்கிற படம் வேறு யாரோ. பட்டுப்புடவை, கண்ணாடி, எட்டணா அகலத்துக்குப் பொட்டு, காலேஜ் பிரின்சிபால் தோரணை. அந்த அம்மாள் வாயைத் திறந்தால் எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் செண்பகவல்லி எழுதினாள். அன்புள்ள சகோதரி, தங்கள் மடல் கண்டு நெஞ்சம் கனத்தது. கனத்ததாம். கோவில்பட்டிக்காரிக்கு நெஞ்சு படபடக்கும், திக்கென்று இருக்கும், ஈரக்குலை நடுங்கும், கனக்கவெல்லாம் கனக்காது. இருந்தாலும் ஆயிரத்துச் சொச்சம் வாரம் கனக்கவைத்தாகிவிட்டது. இந்த முப்பிடாதிக்கு மட்டும் எப்படியோ மூக்கில் வியர்த்திருக்கிறது. கடிதத்தின் ஓரத்தில் குறுக்குவாட்டில் எழுதியிருந்தாள்: "நீங்க ஒரு தடவ வெஞ்சனம்னு எழுதியிருந்தீங்க, அப்பவே நெனச்சேன் எங்க பக்கத்து ஆளுன்னு." ஆறு வருஷத்துக்கு முந்தி, மாமியாரோடு சமையல்கட்டில் சண்டை போடுகிற ஒருத்திக்குப் பதில் எழுதும்போது, தொடுகறி என்று எழுத வேண்டிய இடத்தில் கை தவறி வெஞ்சனம் விழுந்துவிட்டது. பழைய ஆசிரியர் சேஷகிரி அன்றைக்கு அவளைக் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினார். "நம்ம வாசகி மாயவரத்துல இருக்கா, மும்பைல இருக்கா. வெஞ்சனம்னா ஏதோ சரும வியாதின்னு நினைச்சுப்பா. உங்க ஊர் பாஷையைக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டிலயே இறக்கி வச்சுட்டு வரணும்னு எத்தனை தரம் சொல்றது." இறக்கித்தான் வைத்திருந்தாள். ஒரே ஒரு வார்த்தை எப்படியோ டிக்கெட் எடுக்காமல் வந்துவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி திருப்பூரிலிருந்து வருகிறாள். மணி இரண்டு பதினான்கு.

இன்றைக்குப் பேசியே ஆக வேண்டும். ஏனென்றால் நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகிறது, பக்கத்தில் இந்தக் கடிதம் இருக்கப்போகிறது. அது செண்பகவல்லி செய்த காரியம் இல்லை, நிரஞ்சன் செய்தது. சேஷகிரி ஓய்வு பெற்ற பிறகு முதலாளி கொண்டுவந்த புது ஆசிரியர், முப்பத்தாறு வயசு, இதற்கு முன்னால் எஃப்எம்மில் இருந்தவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது, அதுதான் சங்கடம். எல்லாரையும் மேடம் என்பான், டீ வந்தால் எழுந்து போய் அவளுக்கு எடுத்துக் கொடுப்பான். காலையில் அவள் ட்ரேயைக் கிளறி இந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மீட்டிங்குக்கு வந்தான். "மேடம், நம்ம டார்கெட் ஆடியன்ஸ் யாரு? இருபத்திரண்டுலேர்ந்து முப்பத்தஞ்சு வரைக்கும், சிட்டி, கையில போன். அவங்ககிட்டப் போய் 'தங்கள் மடல் கண்டேன்'னா பக்கத்தைத் தள்ளிட்டுப் போய்டுவாங்க. 'நீ'ன்னு பேசுங்க. ஃப்ரெண்டு மாதிரி, தோள்ல கை போட்ட மாதிரி. ரெண்டு வாரமாச் சொல்றேன், நீங்க இன்னும் 'ஆகவே'லயே நிக்கிறீங்க. இந்த லெட்டர் பாருங்க, எவ்ளோ ராவா இருக்கு. இதுதான் நம்ம புது ஸ்டைலுக்கு ஓப்பனிங்." போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள் என்று செண்பகவல்லி சொன்னாள். "பேரை மாத்திடலாம் மேடம். முப்பிடாதின்னு இந்தக் காலத்துல யாருக்கு இருக்கு, மாயான்னு போட்டுக்கலாம். 'மிதிக்காக' புரியாது, 'மிதிக்கிறார்'னு தெளிவா போடுங்க." மிதிக்கிறான் என்று போடட்டுமா என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. நிரஞ்சன் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினான். "வேண்டாம் மேடம், 'ர்' இருக்கட்டும். பின் அட்டையில விளம்பரம் குடுக்கற குக்கர் கம்பெனிக்காரங்க ஃபேமிலி பிராண்டு. வீட்ல ஆம்பளைங்க கண்ணுலயும் படும்." அப்புறம் சிரித்துக்கொண்டே சேர்த்தான். நாலு மணிக்குள் 'நீ'யில் ஒரு பதில் வரட்டும், வராவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து பக்கத்தைத் தன்யா பார்க்கட்டும், அவள் இருபத்து நாலு, அந்த வயசுக்கு அது தானாக வரும், நீங்கள் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கலாம். டெய்லர் கடையில் நின்று முப்பிடாதி படிக்கிறதை அந்த டெய்லரும் படிப்பாள், டெய்லரின் புருஷனும் படிப்பான், திருப்பூரில் ஆட்டோ ஓட்டி, ஸ்கூல் சவாரி போய், செவ்வாய்க்கிழமை வயிற்றில் மிதித்தவன் எத்தனை பேர் இருப்பான் என்று அந்த மீட்டிங்கில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. செண்பகவல்லியும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

மிதிக்காக. மிதிக்கிறார். செண்பகவல்லி அந்த வார்த்தையைப் பல்லில் மாட்டிக்கொண்ட நார் மாதிரி நாக்கால் நெருடிக்கொண்டே இருந்தாள். மிதிக்கிறது கால், அதற்கு ஒரு மரியாதை. வயிற்றில் இறங்குகிற காலுக்குக்கூட 'கள்' தேய்ந்த 'க' வைத்து, பன்மை வைத்து எழுதியிருக்கிறாள் பாவி மகள், எழுதும்போது தன் வயிற்றைத் தடவிக்கொண்டே எழுதியிருப்பாள். சேஷகிரி ஒரு பழைய டைரியில் விதியெல்லாம் எழுதி வைத்திருந்தார். கணவர் சொன்னார், மனைவி சொன்னாள். டாக்டரம்மா வந்தார், பாத்திரம் தேய்க்கிறவள் வந்தாள். மேனேஜர் காலமானார், வாட்ச்மேன் இறந்தான். குடிகாரனாக இருந்தாலும் வாசகியின் கணவர் என்றால் அவர். "நம்ம பத்திரிகை நடுவீட்டில கிடக்கும் செண்பகம், கூடத்து பாஷைதான் எழுதணும், கொல்லைப்புறத்து பாஷை கூடாது." மூன்றே மாசத்தில் கற்றுக்கொண்டாள், கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினாள். அந்த டைரியைப் பார்க்காமலே யாருக்கு 'ர்', யாருக்கு 'ள்', யாருக்கு 'ன்' என்று கைக்குத் தெரியும். ரேஷன் கடையில் நிற்கிற ஆளைப் பார்த்தாலே 'ரா' 'னா' என்று மனசு போட்டுவிடும். அவளுக்கே ஐம்பத்தாறு வயசாகிறது, அவளைப் பற்றி யாராவது கதை எழுதினாலும் 'அவள்' என்றுதான் எழுதுவார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அவளே எத்தனை பேருக்குப் பதில் எழுதியிருக்கிறாள். மிதிக்கிற கால் அதற்கப்புறம் என்ன செய்யும் என்று எந்தப் பழமொழியிலும் சொல்லி வைக்கவில்லை.

மற்றவளைச் சொல்வானேன். செண்பகவல்லியின் வீட்டுக்காரர் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. செத்துப் போகவில்லை, தாம்பரம் பக்கம் இன்னொருத்தியோடு சுகமாக இருக்கிறார். இருக்கிறார். இதோ, மனசுக்குள் நினைக்கும்போதும் 'ர்' வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒருநாள் சாம்பாரில் உப்பு கூடிப்போச்சு என்று கிண்ணத்தை எடுத்து நெற்றியில் எறிந்தார். ஆஸ்பத்திரியில் நாலு தையல், டாக்டரிடம் படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். அவர் போன பிறகு ஒருநாள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே போகாமல் சொல்லிப் பார்த்தாள், எறிந்தான், எறிந்தான் என்று. சொன்னதும் யாரோ பார்த்துவிட்ட மாதிரிக் கூசிப்போய்க் கதவைப் பார்த்தாள். அவர் என்னமோ அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, ஏய், இந்தா, இவளே, அவ்வளவுதான். மரியாதை ஒரு வழிப்பாதை. இவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வாரா வாரம் ஊர்ப் பெண்களுக்கு எழுதினாள்: தங்கள் கணவரின் மனநிலையைப் புரிந்துகொள்ள முயலுங்கள். வெட்கங்கெட்ட கை. இரண்டு இருபத்தெட்டு.

பேசினால் என்னவென்று ஆரம்பிப்பது. இதுதான் பதினொரு நாளாக இடிக்கிறது. ஹலோ, முப்பிடாதிங்களா. தாலுகா ஆபீஸிலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, பயந்துவிடுவாள். முப்பிடாதியா, நான் அக்கா பேசறேன். எந்த அக்கா, பட்டுப்புடவை அக்காவா, அவள் குரல் எப்படி இருக்கும், இந்தக் கரகரத்த தொண்டையைக் கேட்டு அவள் நம்புவாளா. ஏட்டி முப்பிடாதி, என்னட்டி செய்யுத. அது வாய்க்கு வரும்தான், ஆனால் சென்னைக்கு வந்து முப்பது வருஷத்தில் அப்படி யாரையும் கூப்பிடவில்லை, நாக்குத் துருவேறிக் கிடக்கிறது. நீயா, நீங்களா. சும்மா இரு, இதெல்லாம் சாக்கு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், பேசப் பயந்தவள் இலக்கணம் பார்க்கிறாள். விஷயம் என்னவென்றால் 'நீ' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அவள் சொந்தமாகிவிடுவாள். கிளம்பு என்று சொன்னால் எங்கே என்று கேட்பாள். எங்கே வரச் சொல்ல. திருவல்லிக்கேணியில் மூன்றாவது மாடி, ஒற்றை அறை, கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது, அங்கே மூன்று மாசக்காரி ஒருத்தி, கையில் ஒரு பிள்ளை, பின்னாலேயே ஆட்டோவை எடுத்துக்கொண்டு அவன். அவர். கீழ்வீட்டு ஓனர் அம்மாள் என்ன சொல்வாள். போலீஸ் ஸ்டேஷனுக்கு யார் போவது. 'நீங்கள்' என்றால் இதெல்லாம் கிடையாது. நீங்கள் என்பது நடுவில் போட்ட மேஜை, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் அக்கா, யாரும் யார் மடியிலும் விழ முடியாது. இருபத்திரண்டு வருஷம் வாசகிகளுக்கு மரியாதை கொடுத்தாள் என்று எல்லாரும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள். மரியாதையும் இல்லை, மண்ணும் இல்லை, கிட்டே வராதே என்பதைத்தான் அவ்வளவு அழகாக எழுதினாள். இதை ஒத்துக்கொண்டதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, அந்த ஆறுதலிலும் நாலு நிமிஷம் போய்விட்டது.

நிரஞ்சன் டீ கொண்டுவந்து வைத்தான். "வருதா மேடம்?" வருகிறது என்றாள். அவன் போனதும் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தாள். ஹாய் மாயா, உன் லெட்டர் படிச்சதும் ஷாக் ஆயிட்டேன் டியர். அழித்தாள். மாயா, முதல்ல நீ ஒரு டீப் பிரெத் எடு. வயிற்றில் மிதி வாங்கியவளை மூச்சை இழுத்து விடச் சொல்கிறது, நல்ல சிநேகிதம். அழித்தாள். அன்புள்ள சகோதரி, தாங்கள் உடனடியாகத் தங்கள் பெற்றோரின் துணையுடன். பெற்றோர்தான் கொண்டுவந்து விடுகிறார்களே. அதையும் அழித்தாள். இவள் மாதிரி எழுதினவர்கள் எத்தனை பேர். தேனிப் பக்கத்திலிருந்து ஒருத்தி, பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும், மண்ணெண்ணெய்க் கேனைத் திறந்து மோந்து பாத்துட்டு மூடி வச்சிட்டேன்க்கா, நாளைக்கு மூடுவேனான்னு தெரியல என்று எழுதியிருந்தாள். அதை அப்படியே போட முடியாது, கூடத்தில் கிடக்கிற பத்திரிகை. செண்பகவல்லி அதைத் திருத்தினாள். 'சில சமயங்களில் விரக்தியாக உணர்கிறேன்.' அவ்வளவு அழகாகத் திருத்தினாள், ஒரு துளி மண்ணெண்ணெய் வாடை இல்லை. விரக்திக்குத் தியானம் நல்லது, பாட்டுக் கேளுங்கள், மொட்டை மாடியில் ஒரு ரோஜாச் செடி வையுங்கள் என்று பதில் எழுதினாள். அந்தத் தேனிக்காரி மறுபடி எழுதவில்லை. குணமாகியிருப்பாள் என்று அப்போது நினைத்துக்கொண்டாள், நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. ஒருத்தி எழுதினதைத் திருத்தித் திருத்திக் கடைசியில் அவளுக்கு நடந்ததையே இல்லாமல் ஆக்கிவிட்டு, நடக்காத ஒன்றுக்குப் பதில் சொல்கிற உத்தியோகம். இப்போது நிரஞ்சன் வந்து பேச்சு மொழி வேண்டும் என்கிறான். அவனுக்கு வேண்டியது முப்பிடாதியின் பேச்சு இல்லை, முப்பிடாதியைப் படித்து உச்சுக்கொட்டப் போகிற பிள்ளைகளின் பேச்சு. அன்றைக்குக் கூடத்துக்கு எழுதினோம், இன்றைக்குக் காபி ஷாப்புக்கு எழுதுகிறோம். எழுதினவளுக்கு யாரும் எழுதினதில்லை. டீ ஆறி மேலே ஆடை கட்டிவிட்டது.

இரண்டு நாற்பத்தாறு. "மேடம், மேட்டர் வந்தா பக்கத்தை மூடிடுவேன்" என்று லே-அவுட் போடுகிற சுகுமார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். செல்போனையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அவள் மாடிப்படிக்குப் போனாள். படியில் ஜன்னல் உண்டு, கீழே ராயப்பேட்டை ஹைரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவுமாக இரைந்துகொண்டிருந்தது. நம்பரை அடித்தாள், ஒவ்வொரு எண்ணையும் கடிதத்தோடு சரி பார்த்தாள், மறுபடி சரி பார்த்தாள். கீழேயிருந்து ஒரு பெண் படியேறி வந்தாள், தன்யாதான், "என்ன மேடம், படியில நிக்கறீங்க?" என்றாள். காற்றுக்கு என்றாள் செண்பகவல்லி. அவள் போகிறவரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு ஐம்பத்து நாலு. இனிமேல் பேசினாலும் ஆறு நிமிஷத்தில் என்ன பேச முடியும், நாளைக்கு இரண்டு மணிக்கே கூப்பிடலாமே என்று ஒரு குரல் உள்ளே நயமாகச் சொன்னது. நல்ல செந்தமிழில் சொன்னது, பட்டுப்புடவை அக்காவின் குரல். சீ, நாயே என்று அதைத் திட்டிவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அப்போது இரண்டு ஐம்பத்தேழு. அந்தப் பக்கம் மணி அடித்தது. முப்பிடாதி மடியில் போன் அதிரும், எடுப்பாள், கொல்லைப்பக்கம் போவாள், மூச்சை அடக்கிக்கொண்டு அக்கான்னு சொல்வாள். ஏட்டி, கிளம்புட்டி, எங்க வீட்டுக்கு வாட்டி, கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுவிடலாம். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றது, ஆச்சரியமாக இருந்தது அவளுக்கு, இத்தனை வருஷம் கழித்துக் கூப்பிட்டதும் வந்து நிற்கிறதே என்று. மணி அடித்துக்கொண்டே இருந்து, நின்றுவிட்டது. பதினொரு நாள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இன்றைக்கு எடுக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்த விரலைக் கொண்டுபோனாள், மூன்றுக்கு மேல் வேண்டாம் என்று எழுதியிருந்தது நினைவுக்கு வந்து விரல் நின்றது.

மறுபடி மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் லேசாக இருந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, எடுக்காதது அவள். நாலு மணிக்குள் கடிதத்தில் திருப்பூரைத் திருச்சியாக்கிவிடலாம், ஆட்டோவை லாரியாக்கிவிடலாம், செவ்வாயை ஞாயிறாக்கலாம், மூன்று மாசத்தை எடுத்துவிடலாம். திருத்தத்தான் அவளுக்குத் தெரியுமே. கையைக் கீபோர்டில் வைத்தபோது மேஜைமேல் செல்போன் அடித்தது. எடுத்தாள். இந்த மேஜையில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு இருபது தடவை எடுக்கிற மாதிரி எடுத்தாள். "இந்த நம்பர்லருந்து போன் வந்துச்சி. யாரு?" ஆம்பளைக் குரல், தூக்கம் தெளியாத குரல், அவள் ஊர்க் குரல். பயந்தால் சிலருக்குத் திக்கும், சிலருக்கு அழுகை வரும். செண்பகவல்லிக்கு உரைநடை வந்தது. "வணக்கம். பூரணி வார இதழின் ஆசிரியர் குழுவிலிருந்து பேசுகிறேன். எங்கள் வாசகி முப்பிடாதி அவர்களின் கடிதம் தொடர்பாக அழைத்திருந்தோம்." ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. வல்லினம் மெல்லினம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது. ஒரு சித்தி, ஒரு பெரியம்மா, ஒரு தப்பான நம்பர், ஒரு 'நான்தாம்ப்பா' போதும், ஊர்ப் பேச்சில் ஒரே ஒரு வார்த்தை போதும், நம்பியிருப்பான்.

அந்தக் குரலில் தூக்கம் போய்விட்டிருந்தது. "பத்திரிகையிலருந்தா? வணக்கம் மேடம், வணக்கம். நான் அவ வீட்டுக்காரந்தான் பேசுதேன். கடிதாசி எழுதியிருந்தாளா? பாருங்க, எழுதுவான்னே எனக்குத் தெரியாது." அத்தனை பணிவு, அத்தனை குழைவு. செண்பகவல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பொதுவான கடிதம்தான், சமையல் குறிப்பு, பரிசு என்று எதையோ சொல்லப் போனாள், அதுவும் "தாங்கள்" என்றுதான் ஆரம்பித்தது. "சரிங்க மேடம். ரொம்ப சந்தோஷம் மேடம். நீங்க பெரியவங்க, அவ்வளவு தூரத்துலருந்து மெனக்கெட்டுக் கூப்பிட்டிருக்கீங்க. நீங்க வைங்க. நான் பாத்துக்கிடுதேன்." இருபத்திரண்டு வருஷத்தில் எந்த வாசகியின் கணவரும் அவளிடம் இத்தனை மரியாதையாகப் பேசியதில்லை. அவன் வைக்கச் சொன்னானே தவிர அவன் வைக்கவில்லை. போனைக் கட்டிலிலோ எதிலோ போட்டிருக்க வேண்டும், கட்டில் கிரீச்சிடுவது கேட்டது, ஒரு குழந்தை ஏதோ கேட்டது, "ஏட்டி, இங்க வா" என்று அவன் கூப்பிடுவது கேட்டது. சத்தம் போட்டுக்கூடக் கூப்பிடவில்லை.

செண்பகவல்லி எழுந்து நின்றுவிட்டாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "ஏட்டி முப்பிடாதி, வந்திராத, கிட்ட வந்திராதட்டி. பிள்ளையத் தூக்கிட்டு ஓடு. அந்தப் பய ஒன்னைய மிதிச்சே கொன்னுருவான், கதவத் தெறந்துட்டு ஓடுட்டி ஏ தாயீ." போனின் வாயில் வாயை வைத்துக் கத்தினாள், அவன் கட்டிலில் அது தலைகுப்புறக் கிடக்கிறதோ என்னவோ, அந்த வீட்டில் யார் காதில் விழும் என்று தெரியாமல் கத்தினாள், துருவெல்லாம் எங்கே போனதோ, கழுகுமலைக்கே கேட்கிற மாதிரி வந்தது. லைன் அறுந்துபோனது. மறுபடி அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் அழகான தமிழில் சொன்னது. தலையைத் தூக்கியபோது ஆபீஸே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிரஞ்சன் மேஜைப் பக்கத்தில் நின்றான், பக்கத்தை வாங்கிப் போக வந்தவன். அவன் முகம் மலர்ந்திருந்தது, மெய்யாகவே மலர்ந்திருந்தது, கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"மேடம், இதுதான். இதைத்தான் ரெண்டு வாரமா உங்ககிட்ட கேட்டுட்டு இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் மேஜையிலிருந்த அந்தக் கோடு போட்ட தாளைத் திருப்பி, பேனாவைத் திறந்தான். "இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கிறேன்."